மியூச்சுவல் டைவர்ஸுக்கு வக்கீல் 60,000 கேட்கிறார். நகையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்

சிங்காநல்லூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 19,000. 2017-ல் ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் நடந்தது. மாமியார் வீடு திருச்சி. பையன் யூ.கே.ஜி. படிக்கிறான். பதினான்கு மாதமாக நானும் அவனும் சிங்காநல்லூரில் அம்மா வீட்டில் இருக்கிறோம். பிரிந்த காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை. திரும்பச் சேர்ந்து வாழ்வது நடக்காது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. அந்த அளவில் சண்டை முடிந்துவிட்டது. பிரச்சினை இப்போது பணத்திலும் நகையிலும் நிற்கிறது.

போன மாதம் இரண்டு பக்கப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். அவருடைய சித்தப்பா, "கோர்ட், கேஸ் எல்லாம் எதுக்கு? நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் சீல் வாங்கிட்டா முடிஞ்சுது" என்றார். அப்பாவுக்கு அது சரியாகப் படவில்லை. அதன் பிறகு மியூச்சுவலாகவே, அதாவது இரண்டு பேரும் சம்மதித்துச் சேர்ந்து மனு கொடுத்து, கோர்ட்டில் போடலாம் என்று பேச்சு வந்தது.

கோவையில் ஒரு வக்கீல் எல்லாம் சேர்த்து 60,000 கேட்கிறார். இன்னொருவர் 25,000 என்கிறார், ஆனால் "மற்ற செலவு தனி" என்கிறார். அந்த மற்ற செலவு என்னவென்று கேட்டால் போகப் போகத் தெரியும் என்று மட்டும் சொல்கிறார். கணவர் வீட்டில், "எங்க வக்கீலே ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்துப்பார், நீங்க ஒரு ரூபாய் செலவு பண்ண வேண்டாம், திருச்சிக்கு வந்து கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க" என்கிறார்கள்.

அவர்கள் கொடுப்பதாகச் சொல்வது ஒரே தடவையாக 2 லட்சம். அதை வாங்கிக்கொண்டால் ஜீவனாம்சம், நகை, பையன் செலவு எதையும் இனி கேட்க மாட்டேன் என்று மனுவிலேயே எழுத வேண்டுமாம். அவருக்குச் சம்பளம் 48,000.

எங்கள் வீட்டில் போட்டது 32 பவுன். என் கையில் இருப்பது 12. ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று 11 பவுனை அவர் பேரில் பேங்கில் அடகு வைத்தார், இன்னும் திருப்பவில்லை. மீதி 9 பவுன் மாமியாரின் பீரோவில். பாதி நகைக்குத்தான் பில் இருக்கிறது. மற்றது பாட்டி போட்டது, பழைய நகை. ஆரமும் கல் வளையலும் கல்யாண ஆல்பத்தில் தெளிவாகத் தெரியும்.

மியூச்சுவலுக்கு நியாயமாக எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் ஆகும், திருச்சிக்குத்தான் போக வேண்டுமா, அந்த 2 லட்சத்துக்குச் சம்மதிக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அப்பா ரிட்டயர்ட் ஆனவர், அவருடைய சேமிப்பில் கை வைக்க மனசில்லை.

மதுரை தையல்கடை:

தங்கச்சி, நான் மதுரையில் தையல்கடை வைத்திருக்கிறேன். என் வழக்கு முடிந்து சில வருஷம் ஆகிறது. சட்டம் தெரிந்தவர்கள் வந்து சட்டம் சொல்வார்கள். காசு எங்கே எங்கே போனது என்பதை நான் சொல்கிறேன்.

என்னுடையது முதலில் மியூச்சுவல் இல்லை, கொடுமை என்று காரணம் காட்டி நான் மட்டும் போட்ட எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்ட மனு). வக்காலத்துப் போடும் அன்றைக்கு வக்கீலுக்கு 15,000 கொடுத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஐந்நூறு, ஆயிரம் என்று போனது. மனுவோடு கட்டிய கோர்ட் ஃபீஸ் மிகவும் குறைவு. டைவர்ஸ் என்றால் அரசாங்கத்துக்குப் பெரிய தொகை கட்ட வேண்டும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. டைப்பிங், ஜெராக்ஸ், சம்மனுக்குப் பேட்டா இதெல்லாம் சில்லறையாகப் போய்க்கொண்டே இருக்கும். அவர் சம்மனை வாங்காமல் தட்டிக் கழித்ததால் பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டி வந்தது, அந்த ஒரு விளம்பரம் பல வாய்தாச் செலவை விழுங்கிவிட்டது. எல்லாவற்றையும் விட, வாய்தா நாளெல்லாம் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். காலை பத்தரைக்குப் போய் உட்கார்ந்தால் கூப்பிட மதியம் ஆகும், சில நாள் கூப்பிட்டு அடுத்த தேதி மட்டும் சொல்வார்கள். தீபாவளி சீசனில் ஒரு நாள் கடை அடைப்பது என்றால் என்னவென்று தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

நடுவில் இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டோம். அந்தப் பிரிவில் மாதத் தொகையோடு வழக்கு நடத்தும் செலவையும் கேட்கலாம். நானும் கேட்டு வாங்கினேன். வருமானம் குறைவாக உள்ள எந்தப் பெண்ணும் இதைக் கேட்காமல் விடக்கூடாது. அந்த உத்தரவு வந்த பிறகுதான் அவர் சமரச மையத்துக்கே வந்தார். அங்கே பேசி முடித்து, இருந்த வழக்கை மியூச்சுவலாக மாற்றித் தீர்ப்பு வாங்கினோம்.

அதனால் சொல்கிறேன், இரண்டு பேரும் சம்மதித்துப் போடும் மனுவுக்கு 60,000 என்பது எங்கள் ஊர்க் கணக்கில் அதிகம். 25,000 சொன்னவரிடம் போய், "டைப்பிங்கில் இருந்து தீர்ப்பு நகல் வரைக்கும் எல்லாம் சேர்த்து எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு" என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல். பாதி இப்போது, பாதி தீர்ப்பு அன்றைக்கு. இதற்கு ஒத்துக்கொள்கிற வக்கீல் கிடைப்பார்.

இன்னொன்று, இதைப் பெரிதாக எழுதுகிறேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்க உரிமை இருக்கிறது. 1987-ஆம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. உங்கள் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். ஆதாரும் கையில் இருக்கும் பேப்பரும் எடுத்துக்கொண்டு போய் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற நம்பரிலும் பேசலாம். நான் பாதி வழியில் அங்கே மாறினேன். கிடைத்த வக்கீலம்மா சின்ன வயசு, ஆனால் ஒரு வாய்தாவையும் விட்டதில்லை. இலவசம் என்றால் ஏனோதானோ என்று பார்ப்பார்கள் என்று பயப்படாதே.

ஆனால் தங்கச்சி, நீ வக்கீல் ஃபீஸைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாய், உன்னுடைய பெரிய செலவு அது இல்லை. 20 பவுன் அவர்கள் கையில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்துவிட்டு 2 லட்சம் வாங்குவது என்றால், உன் காசில் ஒரு பகுதியை உனக்கே கொடுத்துவிட்டு மீதியை அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்குப் பவுன் விக்கிற விலையில் 20 பவுன் எவ்வளவு என்று நீ அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள், உனக்கே தெரியும். அந்த வரி இருக்கிற பேப்பரில் கையெழுத்துப் போடாதே.

பழைய குமாஸ்தா, ஈரோடு:

அம்மணி, முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். வக்கீல் இல்லை, அதனால் இதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நோட்டரி பத்திரம். அது செல்லாது. இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவில், சமூக வழக்கப்படி நடக்கும் விவாகரத்துக்கு இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், பத்திரத்தில் எழுதியதே நிரூபணம் ஆகாது. அந்தப் பேப்பரை நம்பி இரண்டில் ஒருவர் மறுமணம் செய்தால் முதல் கல்யாணம் அப்படியே இருக்கும், இருதார மணக் குற்றத்துக்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 494, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 82 வந்து நிற்கும். நோட்டரி பத்திரத்தை டிக்ரி (கோர்ட் தரும் விவாகரத்து உத்தரவு) என்று நினைத்து இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கல்யாணமே செல்லாது என்று தெரிந்து எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா வேண்டாம் என்றது மிகவும் சரி.

எந்த ஊர் என்று கேட்டீர்கள். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்தரப்பு குடியிருக்கும் ஊர் ஆகியவற்றோடு, மனைவி மனு போட்டால் அவர் இப்போது குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 2003 திருத்தத்தில் வந்த வசதி அது. மனைவி என்ற முறையில் நீங்களும் மனுதாரராக இருப்பதால் கோவை குடும்ப நல நீதிமன்றத்திலேயே கூட்டு மனுவைப் போடலாம். பையன் ஸ்கூலை விட்டுவிட்டு திருச்சிக்கு பஸ் ஏற வேண்டிய அவசியம் இல்லை.

காலக்கணக்கு இப்படி. இந்து திருமணச் சட்டத்தில் மியூச்சுவலுக்கான 13-பி பிரிவில் மனு போட, ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது ஆகிவிட்டது. மனு போட்டு, முதல் முறை இரண்டு பேரும் ஆஜராகி வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மனு போட்ட நாளில் இருந்து ஆறு மாதம் இடைவெளி, அது முடிந்து, மனு போட்ட நாளில் இருந்து பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாம் முறை ஆஜராகி, இன்னும் சம்மதம்தான் என்று சொல்ல வேண்டும். நடுவில் கவுன்சலிங்குக்கும் கூப்பிடுவார்கள். இரண்டாம் முறை ஜட்ஜ், "யாராவது மிரட்டினார்களா, பேசியபடி எல்லாம் வந்து சேர்ந்ததா" என்று நேரடியாகக் கேட்பார். வாயைத் திறந்து உள்ளதைச் சொல்ல வேண்டிய இடம் அது.

அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போடும் முன்பே பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி முடிந்திருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை விவகாரமெல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஜட்ஜ் தன் விருப்புரிமையில் தள்ளுபடி செய்யலாம். உங்களுக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. இன்றைக்கே அவசரமாகப் போட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இன்னும் நாலு மாதம் பொறுத்துப் போட்டு, தள்ளுபடி கேட்டுக் கிடைத்தால், ஏறக்குறைய அதே சமயத்தில் முடியும், இன்னும் முன்னாடியே கூட முடியலாம். அதனால் "இந்த வாரமே வந்து கையெழுத்துப் போடு" என்று யார் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். அந்த நாலு மாதத்தில் நகையை மீட்கப் பேசுங்கள்.

நகை விஷயத்தில் மதுரை அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுக்குத்தான் சொந்தம், கணவருக்கு அதில் பங்கு கிடையாது என்பது 1985-லேயே உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த விஷயம். 2024-ல் கேரளத்து வழக்கு ஒன்றிலும் அதையே திரும்பச் சொன்னது. கஷ்டகாலத்தில் கணவர் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை அவருடையது. ஃபிளாட் அட்வான்ஸுக்கு வைத்த 11 பவுனை அவர்தான் கடன் கட்டி மீட்டுத் தர வேண்டும்.

மனுவில் நகையை எப்படி எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். "நகைக்குப் பதிலாக இத்தனை லட்சம்" என்று எழுதாதீர்கள். ஆரம் இத்தனை பவுன், வளையல் ஒரு ஜோடி இத்தனை பவுன், நெக்லஸ் இத்தனை பவுன் என்று ஒவ்வொன்றாக, எடையோடு இணைப்புப் பட்டியல் போடச் சொல்லுங்கள். ரூபாயில் எழுதினால், மனு போட்ட நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் நடுவில் பவுன் விலை ஏறும்போது நஷ்டம் உங்களுக்கு. பில் இல்லாத நகைக்கு ஆல்பத்தில் இருக்கும் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வையுங்கள். போட்ட பாட்டியோ உறவினரோ இருந்தால் அவர்கள் சாட்சி. பேங்க் அடகு ரசீதின் போட்டோ இருந்தால் அது நல்ல ஆதாரம், அதில் நகையின் எடையும் விவரமும் இருக்கும்.

இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் என்பது சட்டப்படி தவறில்லை, கூட்டு மனுவில் அப்படி நடப்பதுண்டு. ஆனால் அவர்கள் பார்த்து, அவர்கள் ஃபீஸ் கொடுக்கும் வக்கீல் எழுதும் மனுவை உங்கள் தரப்பில் ஒருவர் வரிக்கு வரி படித்தே ஆக வேண்டும்.

சிங்காநல்லூர்க்காரி:

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நாலு மாதக் கணக்கைப் படித்தபிறகு அப்பா முகமே மாறிவிட்டது. அடகு ரசீது என் போனில் இருக்கிறது, அவர் அன்றைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. 11 பவுனும் எடையோடு அதில் இருக்கிறது. ஆல்பத்தையும் நேற்று ராத்திரி எடுத்து வைத்தேன்.

பையன் செலவைப் பற்றி இன்னும் குழப்பமாக இருக்கிறது. இனி கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் உண்மையிலேயே கேட்க முடியாதா? அப்புறம், அவர் பையனைப் பார்க்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. அவன் அப்பாவைக் கேட்கிறான்.

ஓசூர் அப்பா:

நான் அந்தப் பக்கத்தில் இருப்பவன். மகள் அவள் அம்மாவோடு சேலத்தில், நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்கள் மனுவில் "தந்தை குழந்தையைச் சந்திக்கலாம்" என்று ஒற்றை வரி மட்டும் எழுதியிருந்தார்கள். எப்போது, எங்கே, எத்தனை மணி நேரம் என்று இல்லாததால் ஒவ்வொரு மாதமும் சண்டை. மறுபடி மனு போட்டு, மாதத்தின் இரண்டாவது, நாலாவது ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை, கோடை விடுமுறையில் பத்து நாள், தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால் என்று எழுதி வாங்கினோம். அதன் பிறகு நானும் மகளின் அம்மாவும் ஒரு வார்த்தை வாக்குவாதம் செய்யவில்லை.

சகோதரி, உங்கள் கணவர் பையனைப் பார்ப்பதில் உங்களுக்கு மறுப்பு இல்லை என்பதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதைத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். பொங்கல், தீபாவளி எந்த வருஷம் யாரிடம் என்பதையும் எழுதிவிடுங்கள். திருச்சியில் இருந்து கோவைக்கு அவர் வருவதா, பாதி வழியில் கரூரில் ஒப்படைப்பதா என்பது வரைக்கும் எழுதுங்கள். ஸ்கூல் ஃபீஸை நான் நேராக ஸ்கூல் கணக்கில் கட்டுகிறேன், அதுவும் எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகமே யாருக்கும் வராது.

பழைய குமாஸ்தா, ஈரோடு:

அம்மணி, குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை. தாய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அது போய்விடாது, பின்னால் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் குழந்தை சம்பந்தப்பட்ட உத்தரவைத் தீர்ப்புக்குப் பிறகும் மாற்றக் கேட்க வழி உண்டு. ஆனால் பின்னால் கேட்பது என்றால் இன்னொரு மனு, இன்னொரு வக்கீல், இன்னொரு அலைச்சல். இப்போதே மாதத் தொகை ஒன்றும், வருஷா வருஷம் அது எவ்வளவு ஏறும் என்பதும் எழுதி வாங்குங்கள். உங்களுக்கான தொகையையும் பையனுக்கான தொகையையும் ஒரே வரியில் கலக்காமல் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

பேச்சு முறிந்தால் பயப்பட வேண்டாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவின் கீழ், நகையைத் திருப்பிக் கொடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு போட முடியும். ஜீவனாம்ச மனு என்று வந்தால், 2020-ல் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அவருடைய 48,000 அங்கே தானாக வெளியே வரும். இதை அவர்கள் வக்கீலும் அறிவார். பெரியவர்கள் அடுத்த முறை உட்காரும்போது உங்கள் தரப்பு வக்கீல் இதை நிதானமாக எடுத்துச் சொன்னாலே 2 லட்சம் என்ற பேச்சு மாறும்.

மதுரை தையல்கடை:

இன்னொன்று கேட்டுக்கோ தங்கச்சி. தீர்ப்பு வரும் வரைக்கும் இரண்டில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அவர்களுக்கும் அந்தப் பயம் இருக்கும், உனக்கும் இருக்கும். எங்கள் வழக்கில் பணத்தை இரண்டாகப் பிரித்தோம், பாதிக்கு முதல் ஆஜரில் டி.டி., மீதிக்கு இரண்டாவது ஆஜரில் ஜட்ஜ் முன்னாலேயே டி.டி. உனக்கு அதோடு நகையும் சேரும். நகை வாங்கும்போது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு நகைக்கடையில் எடை போட்டுப் பார். அவசரத்தில் பையை வாங்கிக்கொண்டு வந்துவிடாதே.

சிங்காநல்லூர்க்காரி:

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். அப்பாவோடு கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்குப் போகிறோம். கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்றிதழ், ஆதார், நகை பில், அடகு ரசீது பிரிண்ட் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டாயிற்று. தீர்ப்பு வந்தபின் செய்ய வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா ஐயா?

பழைய குமாஸ்தா, ஈரோடு:

தீர்ப்பு வந்ததும் காப்பி அப்ளிகேஷன் போட்டு, தீர்ப்பு, டிக்ரி இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். இரண்டு செட் வாங்கினால் நல்லது. பாஸ்போர்ட், பி.எஃப். நாமினி மாற்ற அது தேவைப்படும். வழக்கு நம்பர் விழுந்ததும் அதன் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரும் தனி அடையாள எண்) கேட்டு வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டு வையுங்கள். அடுத்த தேதி எப்போது என்று யாரையும் கெஞ்ச வேண்டாம், அதிலேயே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். பி.எஃப். நாமினியை மட்டும் தீர்ப்பு கிடைத்த அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.